தும்மலுக்குள் ஒரு எழுத்துப் பிழை



கொஞ்சம் நீண்ட பதிவு. தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு எழுதுகிறோம். நேரமிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். ஆங்கிலம் படிப்பிக்கும் சக ஆசிரியர்களுக்கும், "இங்கிலீஷ் நமக்கு வராது" என்று ஒதுங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் விசேடமாக எழுதியது.

ஆங்கிலத்தில் மூக்கால் நடக்கிற காரியங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தும்மினால் ஸ்னீஸ். குறட்டை விட்டால் ஸ்னோர். மூக்கை உறிஞ்சினால் ஸ்னிஃப். குதிரை மாதிரி மூக்கால் சீறினால் ஸ்னோர்ட். மூக்குச்சளி ஸ்னொட். பன்றி, நாய் போன்றவற்றின் நீண்ட மூக்கு ஸ்னௌட். மூக்குத்தூள் ஸ்னஃப். மூக்கொழுக அழுதால் ஸ்னிவல். ஒருவரைப் பார்த்து ஏளனமாக மூக்கைச் சுளித்துச் சிரித்தால் ஸ்னியர். எல்லாமே எஸ், என் என்ற இரண்டு எழுத்துகளில் ஆரம்பிக்கின்றன.

தரம் 9 பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழும்பி, "அப்ப ஸ்னேக், ஸ்னோ எல்லாம் என்ன சேர்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. பாம்புக்கும் பனிக்கும் மூக்கோடு சம்பந்தமில்லை. எஸ்-என் என்று தொடங்கும் எல்லாச் சொல்லும் மூக்கைக் குறிப்பதில்லை. ஆனாலும் இவ்வளவு மூக்குச் சொற்கள் ஒரே வாசலால் நுழைவது தற்செயலும் இல்லை. ஜே. ஆர். ஃபேர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 1930 இல் வெளியிட்ட தன் நூலில், இப்படி ஒரே ஒலித் துண்டு ஒரே மாதிரியான கருத்தோடு ஒட்டிக்கொண்டு பல சொற்களில் வருவதற்கு ஒரு தனிப் பெயரே வைத்தார்.

ஆனால் எம்மை அதிகம் பிடித்து நிறுத்தியது இந்த வரிசையின் முதலாவது சொல். தும்மல். அது இந்தக் கூட்டத்தில் பிறந்ததே இல்லை.

ஆயிரம் வருடங்களுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் தும்முவதற்கு, மூக்கால் சீறுவதற்கு 'ஃப்னேயோஸன்' என்று சொன்னார்கள். தொடக்கத்தில் எஸ் இல்லை, எஃப். அதன் பிறகு என். எஃப்-என் என்று தொடங்கும் வழக்குச் சொல் ஒன்றை இன்றைய ஆங்கிலத்தில் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் அன்று அது சாதாரண ஒலி. மூச்சுக்கு 'ஃப்னேஸ்ட்' என்றொரு சொல் இருந்தது. 'ஃப்னோரா' என்றொன்று இருந்தது. 1400 இல் காலமான கவிஞர் சோசர் தன் கன்டர்பரி கதைகளில், குடித்துவிட்டு நிலை தடுமாறும் சமையற்காரன் ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது இந்த எஃப்-என் சொல்லைத்தான் பாவிக்கிறார்.

பிறகு என்ன நடந்தது? 15 ஆம் நூற்றாண்டில் எஃப்-என் ஒலி ஆங்கில நாக்கிலிருந்து கழன்று விழத் தொடங்கியது. சிலர் எஃப்பை விட்டுவிட்டு 'நீஸ்' என்று மட்டும் சொன்னார்கள். 1611 இல் வெளியான பைபிள் மொழிபெயர்ப்பில், யோபுவின் ஆகமத்தில் (எமது அய்யூப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயரிலான பகுதி) தும்மலுக்கு இந்த என்-வடிவம்தான் அச்சாகியிருக்கிறது. இன்னொரு பக்கம் 'ஸ்னீஸ்' என்ற புதிய வடிவம் 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டியது. அதுதான் கடைசியில் வென்றது.

இந்த எஸ் எங்கிருந்து வந்தது என்பதற்கு அகராதிக்காரர்கள் சொல்லும் காரணம் சுவாரசியமானது. அந்தக் காலத்தில் எஸ் எழுத்துக்கு இரண்டு உருவங்கள். சொல்லின் இறுதியில் வருவது இன்று நாம் எழுதும் வளைந்த எஸ். முதலிலும் நடுவிலும் வருவது நீண்ட எஸ். அந்த நீண்ட எஸ் பார்ப்பதற்கு அப்படியே எஃப் மாதிரி இருக்கும். குறுக்குக் கோடு மட்டும் முழுமையாக இருக்காது. இதை நம் நாட்டு ஆதாரத்திலேயே பார்க்கலாம். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், இலங்கையைப் பற்றி எழுதிய நூலை 1681 இல் லண்டனில் வெளியிட்டார். அதன் முதற் பதிப்பின் பக்கங்களைப் புரட்டினால், தீவு என்ற 'ஐலண்ட்' சொல்லை 'இஃப்லண்ட்' என்று வாசிக்கத் தோன்றும். அச்சில் அது எஸ். நம் கண்ணுக்கு எஃப்.

(இடையில் ஒரு விடயம். ஐலண்ட் என்ற சொல்லில் அந்த எஸ் இருப்பதே ஒரு பிழை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எஸ் கிடையாது. இலத்தீன் வழியாக வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லோடு குழப்பி, படித்தவர்கள் பின்னாளில் சொருகிவிட்டார்கள். அன்று தொட்டு உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ஊமை எஸ்ஸை மனனம் செய்கிறார்கள்.)

ஆக, எஃப்-என் என்ற ஒலியையே மறந்துபோன ஒரு தலைமுறை, பழைய ஏட்டில் இருந்த எஃப்பைப் பார்த்து "இது நீண்ட எஸ்ஸாக இருக்கும்" என்று வாசித்திருக்கலாம் என்பதுதான் அந்த விளக்கம். 1476 இல் கக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சியந்திரம் கொண்டுவந்த காலமும் இதை ஒட்டியதே. பார்த்து எழுதுபவரும் அச்சுக் கோப்பவரும் ஒரு முறை விட்ட பிழை நூறு பிரதியில் நூறு பிழையாகும். இது மட்டும்தான் காரணம் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. ஸ்னோர், ஸ்னிஃப் என்று மூக்குச் சொற்கள் ஏற்கெனவே எஸ்-என்னில் கூடியிருந்ததால், அந்தக் கூட்டம் தும்மலையும் தன் பக்கம் இழுத்தது என்பதும் உண்டு. எமக்கு இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும் என்று படுகிறது. பிழை நுழைந்தது. காதுக்குப் பொருத்தமாக இருந்ததால் யாரும் திருத்தவில்லை.

எஃப்-என் ஒலி உலகத்தை விட்டே போய்விடவில்லை. சுவீடன்காரர்கள் இன்றும் மூக்கால் சீறுவதை 'ஃப்னிஸ' என்கிறார்கள். ஒல்லாந்து மொழியில் தும்மலுக்கு 'நீஸன்' என்ற சொல்லோடு 'ஃப்னீஸன்' என்பதும் இருக்கிறது. உறவுக்காரர் வீட்டில் பழைய பெட்டகம் பத்திரமாக இருப்பது மாதிரி.

இப்போது வேறொரு சொல்லுக்கு வருவோம். வைத்தியசாலைத் துண்டில் பிள்ளைகள் பார்க்கிற சொல்: நியூமோனியா. பி எழுத்தில் தொடங்கும், ஆனால் பி ஒலிக்காது. வகுப்பில் ஒரு பிள்ளை அதைப் பார்த்து 'ப்நியூமோனியா' என்று வாசித்தால் பின் வாங்கு வரை சிரிப்பு. மறுநாள் அந்தப் பிள்ளை கையை உயர்த்தாது. இது எல்லாப் பாடசாலையிலும் நடப்பதுதான்.

ஆனால் அந்தப் பிள்ளை வாசித்தது கிரேக்கர் வாசித்த மாதிரி. 'ப்னேயின்' என்றால் பண்டைய கிரேக்கத்தில் மூச்சு விடுதல். 'ப்னெவ்மா' என்றால் மூச்சு, காற்று. பி அங்கே வாய் நிறைய ஒலித்தது. அதை ஊமையாக்கியது ஆங்கில நாக்கு. சொல்லின் நடுவில் வந்தால் அதே பி உயிர் பெற்றுவிடும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோயை வைத்தியர்கள் 'அப்னியா' என்கிறார்கள். மூச்சின்மை என்று பொருள். அதில் பி தெளிவாகக் கேட்கும். பலத்த குறட்டை விடுபவர்களை டொக்டர்மார் இந்த நோய்க்குச் சோதிப்பது அதனால்தான். 1888 இல் பெல்பாஸ்ட்டில் ஜோன் டன்லொப் தன் மகனின் மூன்று சில்லு சைக்கிளுக்குச் செய்துகொடுத்த காற்றடைத்த டயருக்கும் இதே கிரேக்க மூச்சிலிருந்துதான் பெயர்: நியூமெட்டிக்.

இந்தக் கிரேக்க 'ப்ன'வும் பழைய ஆங்கிலத்தின் 'ஃப்ன'வும் ஒன்றையொன்று முகம் பார்த்துக்கொள்கின்றன, கவனித்தீர்களா?

தேவதைக் கதைகள் சேர்த்த கிரிம் சகோதரர்களைப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களில் மூத்தவர் ஜேக்கப் கிரிம் ஒரு பெரிய மொழியியல் அறிஞர். 1822 இல் அவர் ஓர் ஒழுங்கை எடுத்துக் காட்டினார். டென்மார்க்கின் ரஸ்மஸ் ராஸ்க் அதற்குச் சில வருடங்கள் முன்பே அதைக் கண்டிருந்தார். இலத்தீனிலும் கிரேக்கத்திலும் சொல் முதலில் பி வரும் இடத்தில், ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளில் எஃப் வரும். இலத்தீனில் தந்தை 'பாட்டேர்', ஆங்கிலத்தில் ஃபாதர். இலத்தீனில் மீன் 'பிஸ்கிஸ்', ஆங்கிலத்தில் ஃபிஷ். சைக்கிளின் பெடல் என்ற சொல்லில் இருப்பது இலத்தீன் கால், ஆங்கிலத்தில் அது ஃபுட். அதே கணக்கில் கிரேக்கத்தின் ப்ன, ஆங்கிலத்தில் ஃப்ன. மூச்சு மூக்கால் வெளியேறும் சத்தத்தை ஏதோ ஓர் ஆதி மொழி பேசியவர்கள் வாயால் பாவனை செய்திருக்கிறார்கள். அந்தப் பாவனையின் ஒரு கிளை ஏதென்ஸில் நியூமோனியாவாகவும், இன்னொரு கிளை இங்கிலாந்தின் பண்ணைகளில் தும்மலாகவும் வளர்ந்திருக்கிறது. ஆங்கிலம் ஒன்றில் எஃப்பை இழந்தது. மற்றதில் பி-யை எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. கிரேக்கரும் இந்தச் சொல்லில் ஒரு பிழை விட்டவர்கள்தான். நுரையீரலுக்கு அவர்களின் பழைய சொல் 'ப்லெவ்மோன்'. எல். இலத்தீனில் 'புல்மோ' என்று அதன் உறவு இன்றும் நிற்கிறது. நுரையீரல் மூச்சோடு சம்பந்தப்பட்டது என்பதால், மூச்சைக் குறிக்கும் 'ப்னேயின்' நினைவில் எல்லை என்னாக மாற்றி 'ப்னெவ்மோன்' என்றார்கள். அந்தத் தவறான ஊகத்தின் மேல்தான் நியூமோனியா என்ற மருத்துவச் சொல் கட்டப்பட்டிருக்கிறது.

மார்பு நோய்களின் வரிசையில் அடுத்தது ஆஸ்மா. எமது பக்கங்களில் முட்டு, இழுப்பு, தொய்வு என்று ஊருக்கொரு பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் டி-எச் என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து வர வேண்டும். சொல்வதெழுதுதலில் பிள்ளைகள் அதை விட்டுவிட்டு ஏ-எஸ்-எம்-ஏ என்று எழுதுவார்கள். நாம் சிவப்புப் பேனையால் வெட்டுவோம். 14, 15 ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் எழுதியதே அப்படித்தான். காதுக்குக் கேட்டதை எழுதினார்கள். 16 ஆம் நூற்றாண்டில் கிரேக்கமும் இலத்தீனும் படித்த பண்டிதர்கள், "மூலச் சொல்லில் ஓர் எழுத்து இருந்ததே" என்று டி-எச்சைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். எழுத்தில் வைத்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை.

ஒரு எழுத்துப் பிழை எப்போது பிழை, எப்போது அகராதி என்பது யார் விட்ட பிழை என்பதில் தங்கியிருக்கிறது என்று சில நேரம் நினைக்கத் தோன்றும். புள்ளி குறைக்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பரீட்சைத் திணைக்களம் கேட்கும் எழுத்தைப் பிள்ளை எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் வெட்டும்போது அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிற கதையையும் ஒரு நிமிடம் சொல்லலாம். "இது ஏன் சேர் இப்படி?" என்று கேட்கிற பிள்ளைக்கு "இங்கிலீஷ் அப்படித்தான்" என்பது ஒரு பதிலே இல்லை.

இருமலுக்குப் போவோம். 'கொஃப்'. கடைசியில் ஜி, எச் என்று இரண்டு எழுத்து. ஒலிப்பதோ எஃப். பெருமூச்சு 'சை'. அங்கேயும் கடைசியில் ஜி-எச், ஆனால் ஒலிப்பதே இல்லை. எம் பிள்ளைகளுக்கு இதை விளக்க எம்மிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. குர்ஆன் மத்ரஸாவில் அலிஃப், பா ஓதிய எந்தப் பிள்ளைக்கும் ஜீமுக்குப் பிறகு ஹா, அதன் பிறகு தொண்டையை உராய்ந்து வரும் ஃகா என்ற எழுத்து தெரியும். கால் மேல் புள்ளி வைத்து உஸ்தாத் உச்சரிப்பைத் திருத்துவாரே, அந்த எழுத்து. பழைய ஆங்கிலத்தில் அதற்கு மிக நெருங்கிய ஒலி இருந்தது. இருமலில் அது இருந்தது, சிரிப்பைக் குறிக்கும் 'லாஃப்'பில் இருந்தது, இரவைக் குறிக்கும் 'நைட்'டில் இருந்தது. 1066 இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்கள் இந்தத் தொண்டை ஒலியை எழுத ஜி-எச் என்ற சோடியைப் பாவித்தார்கள். பிறகு ஒலி மறைந்தது. சில சொற்களில் எஃப்பாக மாறியது, சிலவற்றில் ஊமையானது. எழுத்து மட்டும் இடம்பெயர்ந்தவர்களின் வீட்டுக் கதவு மாதிரி பூட்டியபடி நிற்கிறது. ஸ்கொட்லாந்தில் ஏரிக்குச் சொல்லும் 'லொஃக்' என்ற சொல்லில் அந்த ஒலி இன்னும் கேட்கும்.

சத்தத்தைப் பார்த்தே ஆக்கப்பட்ட சொல்தான் இருமல். தொண்டையில் உராயும் ஃக் இருந்த காலத்தில் அந்தச் சொல்லைச் சொல்வதே இருமுவது மாதிரி இருந்திருக்கும். இன்றைய 'கொஃப்'பில் பாதி இருமல்தான் மிச்சம்.

விக்கலின் கதையும் இதோடு ஒட்டியது. 16 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விக்கல் சத்தத்தைப் பாவனை செய்து 'ஹிக்கப்' என்ற மாதிரி எழுதத் தொடங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் யாரோ ஒரு படித்தவர், "இதன் கடைசிப் பகுதி இருமலாக இருக்க வேண்டும்" என்று ஊகித்து, ஹிக் என்பதோடு இருமலின் எழுத்தை அப்படியே ஒட்டினார். உச்சரிப்பு ஹிக்கப்பாகவே இருந்தது, எழுத்தில் மட்டும் இருமல். ஒக்ஸ்போர்ட் அகராதியே அதை வெறும் பிழை, கைவிட வேண்டியது என்று எழுதிவைத்தது. ஆனாலும் இரண்டு வடிவமும் இன்று செல்லும்.

மூச்சுத் திணறும்போது வரும் 'காஸ்ப்', இழுப்பின் சத்தமான 'வீஸ்' ஆகியவை வைக்கிங் கடலோடிகளின் மொழியிலிருந்து வந்தவை. முதலாவது பற்றிச் சந்தேகமில்லை. அவர்களின் 'கெய்ஸ்ப' என்ற சொல், பொருள் கொட்டாவி. இரண்டாவது பெரும்பாலும் அவர்களுடையது. 793 இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடிக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பிறகு அங்கேயே குடியேறி, பக்கத்து வீட்டுக்காரர்களாகி, தம் மூச்சிரைப்பையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கொட்டாவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'யோன்'. வாயைப் பிளத்தல் என்பதே அதன் பழைய கருத்து. கிரேக்கத்தில் இதே வேரிலிருந்து வந்தது 'ஃகாவோஸ்', வாய் பிளந்த பெரும் வெறுமை. அதுதான் இன்று குழப்பத்தைக் குறிக்கும் 'கேயோஸ்'. 17 ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மொன்ட் என்ற பிளெமிஷ் விஞ்ஞானி, காற்றைப் போன்ற ஆனால் காற்றல்லாத பொருள்களுக்கு ஒரு பெயர் தேடினார். கிரேக்க ஃகாவோஸைத் தன் ஊர் உச்சரிப்பில் எழுதி வைத்தார்: கேஸ். 2022 இல் வெற்றுச் சிலிண்டரோடு இரவு பகலாக வரிசையில் நின்ற எமக்கு, கேஸும் கேயோஸும் கொட்டாவியும் ஒரே குடும்பம் என்பதை யாரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை.

நோர்மன்களின் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் வந்த பிறகு ஆங்கிலம் ஒரு மாடி வீடானது. கீழே பண்ணைக்காரர்களின் சொற்கள். மேலே பிரெஞ்சு, இலத்தீன் சொற்கள். மாட்டை வளர்ப்பவனின் சொல் கௌ, அதைத் தின்பவனின் சொல் பீஃப் என்ற உதாரணத்தை ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வார்கள். மூச்சிலும் அதே கதை. மூக்கொழுகுவது, குறட்டை, தும்மல், சீறல் எல்லாம் கீழ்த் தட்டின் சொற்கள். மூச்சு மேல் தட்டுக்குப் போனதும் இலத்தீன் உடுப்புப் போட்டுக்கொண்டது. 'ஸ்பிராரே' என்றால் இலத்தீனில் மூச்சு விடுதல். அதிலிருந்து ஸ்பிரிட், ஆவி. உள்ளே ஊதினால் இன்ஸ்பயர். ஒன்றாகச் சேர்ந்து மூச்சு விட்டால் கொன்ஸ்பயர், சதி செய்தல். தலைகளை ஒட்டவைத்துக் குசுகுசுப்பவர்களைக் கற்பனை செய்து பாருங்கள், பொருள் தானாக விளங்கும். மூச்சை வெளியே விட்டு முடித்தால் எக்ஸ்பயர். மருந்துப் பெட்டியிலும் பிஸ்கட் பக்கற்றிலும் நாம் தேடிப் பார்க்கும் திகதி, அந்தப் பொருள் கடைசி மூச்சு விடும் நாள்.

மூன்றாம் தட்டில் டொக்டர்மார். அவர்களுக்குக் கிரேக்கம். நியூமோனியா, ஆஸ்மா, அப்னியா. ஒரே மூக்கு, ஒரே நெஞ்சு. வீட்டில் ஒரு மொழி, பள்ளியிலும் அரண்மனையிலும் ஒன்று, ஆஸ்பத்திரியில் இன்னொன்று.

மூச்சையும் உயிரையும் ஒரே சொல்லால் தொடுவது இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் மட்டும் உரியதில்லை. அரபியில் நஃபஸ் என்றால் மூச்சு, நஃப்ஸ் என்றால் ஆன்மா, தன்னிலை. எழுத்து மூன்றும் ஒன்றே. ரீஹ் காற்று, ரூஹ் உயிர். அதுவும் ஒரே வேர். தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல்தான். பழந்தமிழில் பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர். இந்த நான்கு மொழிகளில் இலத்தீனையும் கிரேக்கத்தையும் தவிர மற்றவற்றுக்கு ஒன்றோடொன்று பிறப்புறவு இல்லை. ஆனாலும் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மூக்கு ஒலிகளைத் தனியாக வைத்துக் கவனித்ததிலும் எம்மவர்கள் பின்தங்கியவர்களில்லை. மெல்லின எழுத்துக்கு மூக்கு இடம் என்று நன்னூல் பிரித்து வைத்தது. தஜ்வீத் பாடத்தில் நூனுக்கும் மீமுக்கும் குன்னா, அதாவது மூக்கொலி, எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்று பிள்ளைக்கு விரலை மடக்கிக் காட்டுகிறோம். தமிழில் மூக்கு, மூச்சு, முகர்தல், மோப்பம், முனகல் எல்லாம் மகரத்தில் தொடங்குவதைக் கவனியுங்கள். வாயை மூடி மூக்கால் ஒலிக்கும் எழுத்து அது. ஆங்கிலத்தின் எஸ்-என் கூட்டத்துக்கு எம்மிடமும் ஒரு ஜோடி இருக்கிறது.

இனி ஸ்னியர். இந்தச் சொல் 16 ஆம் நூற்றாண்டில் குதிரை மூக்கால் சீறுவதைக் குறித்தது. நூறு வருடம் கழித்து மனிதர் மற்ற மனிதரைப் பார்த்து ஏளனமாக உதட்டைச் சுழிப்பதற்குப் போய்விட்டது. மிருகத்தின் நீண்ட மூக்கான ஸ்னௌட்டிலிருந்து கர்வக்காரரைக் குறிக்கும் 'ஸ்னூட்டி' வந்தது. மூக்கை உயர்த்திக் கொண்டு நடப்பவர் என்று கொள்ளலாம். ஸ்னொப் என்ற சொல்லுக்கு மூக்கோடு பிறப்புத் தொடர்பு இல்லை, ஆனால் அதன் பயணம் இங்கே சொல்லத் தகுந்தது. 18 ஆம் நூற்றாண்டில் அது செருப்புத் தைப்பவரின் பெயர். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்க்காரர்களை எல்லாம் அப்படி அழைத்தார்கள். எழுத்தாளர் தக்கரே 1848 இல் இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிறகு, மேலே இருப்பவர்களை ஒட்டிக்கொண்டு கீழே இருப்பவர்களை இகழ்பவர் என்ற பொருள் நிலைத்தது. செருப்புத் தைத்தவரின் பெயர், அவரைப் பார்த்து மூக்கைச் சுளித்தவருக்கே போய்ச் சேர்ந்தது.

இந்த நாட்டில் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப் பெயர் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் அதைக் 'கடுவ' என்பார்கள். வாள். வெட்டுகிற பொருள். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் இல்லாவிட்டாலும் காயம் ஒன்றுதான். நேர்முகப் பரீட்சையில், வங்கியில், கொழும்பில் ஒரு வரவேற்பு மேசைக்கு முன்னால், ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தவுடன் எதிரே இருப்பவரின் மூக்கில் ஏற்படும் அந்தச் சிறிய அசைவை எம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்த அசைவுக்குப் பெயர்தான் ஸ்னியர். அதைச் செய்பவர் தினமும் தும்முவது ஒரு பிழைபட்ட எழுத்தில், விக்குவது இன்னொரு பிழைபட்ட எழுத்தில் என்பது பாவம் அவருக்குத் தெரிந்திருக்காது.

மூக்குத்தூளும் ஒரு கடல் வழிச் சரக்கு. 1560 இல் போர்த்துக்கலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ஜான் நிக்கோ, தலைவலிக்கு மருந்தென்று புகையிலையைப் பிரான்ஸ் அரச மாளிகைக்கு அனுப்பினார். நிக்கொட்டின் அவர் பெயர். ஒல்லாந்தர் 'மூக்கில் இழுக்கும் புகையிலை' என்ற பொருளில் சொன்ன நீளச் சொல்லின் முதற் பாதிதான் 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் ஸ்னஃப் ஆனது. அதே காலத்தில், 1658 இலிருந்து, ஒல்லாந்தர் இங்கே எம் கரையோரத்தை ஆண்டுகொண்டிருந்தார்கள். லண்டனுக்கு ஸ்னஃப் போனது. எமக்குக் கந்தோரும் கக்கூசும் மிஞ்சியது.

கடைசியாக நிலாவெளிப் புறாத்தீவில் கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு முருகைக்கற்களைப் பார்க்கிறவர்களைப் பற்றி. அந்தக் குழாய் ஸ்னோர்க்கல். ஜெர்மன் சொல். கடற்படையினர் மூக்குக்குச் சொன்ன கொச்சைப் பெயர், அவர்களின் குறட்டைச் சொல்லோடு உறவுள்ளது. நீரில் மூழ்கியபடியே காற்றை இழுக்க நீர்மூழ்கிக் கப்பல்களுக்குக் குழாய் பொருத்தும் வேலையை 1930களில் செய்தவர்கள் ஒல்லாந்துக் கடற்படையினர். 1940 இல் ஜெர்மனி ஒல்லாந்தைப் பிடித்தபோது அந்தக் கருவியும் கைமாறியது. போரின் கடைசி வருடங்களில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அதை மாட்டிக்கொண்டு அத்திலாந்திக்கில் அலைந்தன. போர் முடிந்ததும் குறட்டை உல்லாசப் பயணியின் வாய்க்கு வந்துவிட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தடிமன் பிடித்த பிள்ளை மூக்கை உள்ளே இழுக்கும் சத்தத்துக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்? உறிஞ்சுதல் என்பது எல்லா இடத்திலும் இருக்கிறது. அதைத் தவிர வேறு சொல் உம்மம்மாமார் வாயில் கேட்டிருந்தால் எழுதுங்கள். முட்டு, இழுப்பு, தொய்வு இந்த மூன்றில் உங்கள் ஊர் எது என்பதையும் ஊர்ப் பெயரோடு போடுங்கள். வகுப்புச் சுவரில் ஒட்ட ஒரு வரைபடம் தயாரிக்கலாம் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.